செம்புத் தண்ணீர்

சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களை அளப்பது என் வேலை. செம்பு, துத்தநாகம், மாங்கனீசு. ஒரு குடத்தில் ஊசிமுனையளவு இருந்தாலும் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

என் அக்கா வீட்டுக்காரர் செங்கல்பட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மாசியில், ஒரு வீட்டு இரும்புக் கேட்டுக்கு அளவெடுக்கப் போன மாமா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று தெரியாமல் நின்றுவிட்டாராம். பங்குனியில் நடை தள்ளாடியது. தட்டு விழுந்த சத்தத்துக்கே உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சென்னையில் பார்த்த நரம்பு டாக்டர், மூளையில் எல்லோருக்கும் இருக்கிற ஒரு புரதம் இவருக்குத் தப்பாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் அப்படியே மடக்கிக்கொண்டு போகிறது என்றார். மருந்து கிடையாது. சில மாதங்கள்தான்.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“வெல்டிங் புகையாலயாடி? இல்ல கெணத்துத் தண்ணியா? நீ இதத்தான படிச்சிகீற, சொல்லு.”

கிணற்றுத் தண்ணீரை அளந்தேன். ஒன்றுமில்லை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தப் புரதம் நன்றாக இருக்கும்போது செம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த நோயில் இறந்த சிலருடைய மூளையில் செம்பு குறைந்து, மாங்கனீசு கூடியிருந்தது. அதனால் நோய் வந்ததா, நோயால் அப்படி ஆனதா, யாருக்கும் தெரியவில்லை. வெல்டிங் கம்பியிலும் மாங்கனீசு உண்டு. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. செம்பை மட்டும் சொன்னேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது, செம்புக் குடத்தில் ஊறவைத்த தண்ணீரை மாமாவுக்கு ஸ்பூனால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி வாயோரம் வழிந்தது. மீதி புரையேறி, கண் பிதுங்க இருமினார்.

“போதும்க்கா. அது மூளைக்குப் போய்ச் சேராது.”

“நீதான சொன்ன, செம்பு கம்மியாப் பூட்ச்சின்னு.”

“கம்மியாச்சுன்னுதான் சொன்னேன். குடுத்தா சரியாயிடும்னு சொல்லல.”

“அப்ப இன்னா குடுக்கணும்?”

அவள் கையிலிருந்து ஸ்பூனை வாங்க மனம் வரவில்லை. மாமாவின் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஆடி முடிவதற்குள் போய்விட்டார். மூளையைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் நோய் உறுதியாகத் தெரியும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மூளையில் உள்ள உலோகத்தையும் அப்போதுதான் அளக்க முடியும். அக்காவைக் கேட்டேன்.

“அவர அறுக்க வாணாம்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

பட்டறையை விற்றுவிட்டு ஊரப்பாக்கத்தில் மகளோடு போய் இருந்தாள். ஒருநாள் போனில் கேட்டாள்: “இது பொண்ணுக்கு வருமாடி?”

“பெரும்பாலும் வராதுக்கா.”

“பெரும்பாலும்னா?”

நான் பேச்சை மாற்றினேன்.

அந்தப் பெண் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறாள். பேசும்போது ஏதாவது பெயர் மறந்து அவள் தடுமாறினால், அக்கா கைவேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.