உப்பில்லாத கூழ்

ஐயப்பனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அவன் வண்டியில் ஏறியவர்கள் வளைவுகளில் தூங்குவார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அவனுடையது. மற்ற வண்டிகளில் போகிறவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்குவார்கள். அவன் வண்டியிலோ பிள்ளை பெற்ற பெண்கள்கூட மடியில் குழந்தையோடு அயர்ந்துவிடுவார்கள். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் அவன்தான். அதை விட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியாது.

மலை ஆஸ்பத்திரிக்கு ரஜியா என்றொரு டாக்டரம்மா வந்தார். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண், சின்ன வயசு. ஒரு முகாமில் ஐயப்பனைப் பிடித்து உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க அண்ணா. தலை கிலை வலிக்குதா?"

"இல்லீங்கம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதாங்க இதுல கஷ்டம். வலிக்காது. வலிச்சா எல்லாரும் மாத்திரை போட்டுப்பாங்க."

மாத்திரையைக் கொடுத்து, காலையில் தவறாமல் போடச் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். புளித்த கேழ்வரகுக் கூழ் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நல்லதுங்க. புளிச்ச கூழ்ல இருக்கிற நல்ல கிருமிங்க குடலுக்கு ஒத்தாசை. அதனால பிரஷரும் கொஞ்சம் குறையலாம்னு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. ஆனா மாத்திரைக்குப் பதில் இல்ல. மாத்திரையும் போடணும், கூழும் குடிக்கலாம். ரெண்டும் சேர்ந்து. உப்பு மட்டும் வேணாம்."

மனுசனுக்கு இரண்டு காது இருந்து என்ன பிரயோசனம்? ஐயப்பன் ஒரு காதைத்தான் திறந்து வைத்திருந்தான். கூழ் நல்லது என்பது நுழைந்தது. மீதி வாசலோடு நின்றுவிட்டது.

இருந்தாலும் மாத்திரையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். அதில்தான் வினை. அது உடம்பிலுள்ள நீரை இறக்கும் மாத்திரை. காலையில் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கோமுகி அணை கண்ணில் படுவதற்குள் அடிவயிறு முட்டும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதருக்குப் பின்னால் போய் வருவான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். பின்சீட்டில் இளந்தாரிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, அணை ரொம்பிப் போயி ஷட்டர் திறந்துட்டாங்களா?" என்றான் அஜித். அவனும் இந்த வழியில் வேன் ஓட்டுகிறவன், அன்றைக்குத் தன் வண்டி பழுதாகி ஏறியிருந்தான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. ஐயப்பனுக்குக் காது மடல் எரிந்தது.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? தன் மகள் வயசுப் பெண், படித்த பெண். அவர் எதிரே நின்று அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது என்று ஒரு ஆம்பிளை சொல்வதா? பெண்டாட்டி தைலம்மாளிடமே அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மலைப்பாதையில் பள்ளத்தைக் கண்டு பயப்படாதவன் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்குப் போகிற தனுஷா முன்சீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஒரு வீடியோ வைத்தாள். கோட்டுப் போட்ட ஒருவன் பேசினான். நம் வயிற்றுக்குள் கோடானுகோடி நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். புளித்த கூழைக் குடித்தால் அவை பெருகிப் பிரஷரை அடியோடு விரட்டிவிடுமாம், மாத்திரையே வேண்டாமாம். கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். ஐயப்பன் விஷயத்தில் அது கேப்பையேதான். அந்த மாத்திரையிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் புத்தி எங்கே போனது என்று அவன் தேடவில்லை.

மாத்திரை அட்டை வண்டிப் பெட்டிக்குள், பழைய துணிக்கு அடியில் போனது. காலையில் ஒரு செம்புக் கூழ் இரண்டானது. தைலம்மாள் தாராளக்காரி. கூழில் கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டு மோர் ஊற்றிக் கரைப்பாள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு. "உப்பு கம்மியா இருக்குது தைலா" என்று அவன் சொன்னால் இன்னும் ஒரு கல் விழும். டாக்டரம்மா சொன்ன உப்புச் சேதியை அவன் வீடுவரை கொண்டுவரவே இல்லை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

வண்டி வழியில் நிற்பது நின்றது. பின்சீட்டில் மறுபடி தூங்கினார்கள். "பாத்தியா, கூழு வேலை செய்யுது" என்று ஐயப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாத்திரையை விட்டதால் நின்றதைக் கூழ் நிறுத்தியதாகக் கணக்குப் போட்ட மகராசன்.

ஆனியில் ஒருநாள் டாக்டரம்மாவே அவன் வண்டியில் ஏறினார். "ஆஸ்பத்திரி பக்கமே காணோமேங்க. மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். வண்டி நிறைய ஆள்.

"போட்டுக்கினுதாங்கம்மா இருக்கேன்."

"அதனால ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?"

கண்ணாடியில் பார்த்தான். அன்றைக்கும் ஏறியிருந்த அஜித் பின்னால் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா."

ஆடி பிறந்தது. சில நாளாகப் பின்மண்டை கனத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். ஒரு காலையில் வளைவு இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பப் போனான். வலது கை வரவில்லை. தூங்குகிற பிள்ளையின் கைபோல் மடியில் கிடந்தது. வலது காலைப் பார்த்தான், அது பிரேக்கின் மேல் சும்மா இருந்தது. என்னமோ ஆகுதே என்று சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றும் எச்சிலும் வந்தன.

அஜித்துக்கும் தைலம்மாளுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அஜித் ஓடிவந்து ஐயப்பனைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து, வேனை எடுத்தான். தன் வண்டியில் ஐயப்பன் பிரயாணியாகப் போனது அன்றைக்குத்தான். ஜன்னலில் மரத்து உச்சிகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் அஜித் கியர் மாற்றத் தாமதிப்பது அவனுக்குக் கேட்டது. யாரும் தூங்கவில்லை. பாதி மலையில் அவன் வேட்டி நனைந்து சீட்டெல்லாம் ஈரமானது. தலையை மடியில் வைத்திருந்த தைலம்மாள் தன் முந்தானையை எடுத்து அவன்மேல் போட்டு மூடினாள். எந்த மானத்தைக் காப்பாற்ற மாத்திரையை ஒளித்துவைத்தானோ, அது அத்தனை பேர் எதிரில் போய்விட்டது. அஜித் அன்றைக்குச் சிரிக்கவில்லை, அழுதுகொண்டே ஓட்டினான்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, மூக்கில் ஒரு குழாயோடு மலைக்கு அனுப்பினார்கள். வலது பக்கம் இல்லை. பேச்சு இல்லை. வாயால் ஒரு மடக்கு இறங்காது. ஆனால் காது கேட்டது, எல்லாம் விளங்கியது. அதுதான் கொடுமை. வண்டி அஜித் கைக்குப் போனது. காலையில் அது வீட்டைத் தாண்டும்போது சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு கண்ணை மூடிக்கொள்வான்.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மாவிடம் தைலம்மாள் அந்த மாத்திரை அட்டையை நீட்டினாள். வண்டியை ஒப்படைக்கும்போது பழைய துணிக்கடியில் கிடைத்தது. வண்டியை அடிக்கடி நிறுத்தியதை அஜித் சொல்லியிருந்தான், அதையும் சொன்னாள். டாக்டரம்மா அட்டையில் மீதியிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பேனேங்க. அவ்ளோதானேங்க" என்றார்.

ஐயப்பனுக்கு அது கேட்டது. வலது கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது, துடைக்க அந்தப் பக்கக் கை எழவில்லை.

அவர் போனபிறகு தைலம்மாள் கூழைத் தண்ணீராகக் கரைத்துத் துணியில் வடிகட்டினாள். டாக்டரம்மா கொடுத்துப் போன புது மாத்திரையைத் தூளாக்கி அதில் கலக்கினாள். உப்பு ஜாடி அடுப்படியில் மூடியே இருந்தது. அவன் தலையைத் தூக்கி முட்டுக்கொடுத்து, குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பழக்கதோஷத்தில் கேட்டும் விட்டாள்.

"உப்பு போதுமாய்யா?"

கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூழும் மாத்திரையும் சேர்ந்து குளிர்ச்சியாகத் தொண்டைக்குள் இறங்குவது ஐயப்பனுக்குத் தெரிந்தது. நாக்கில் மட்டும் ஒன்றும் படவில்லை.