பனிக்காலத்துக்கு என் முகம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராஜபாளையத்தில். பெற்றோரை இழந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்தார். சுள்ளிக்கல்லில் ஒற்றை அறை. அவர் மட்டாஞ்சேரிக் கடைகளுக்குப் போர்டு எழுதினார். நான் இஞ்சிக் கிடங்குக்கு வேலைக்குப் போனேன். யாரிடமும் கடுஞ்சொல் பேசாதவர். மனதில் இருப்பதையும் பேசமாட்டார், அதுதான் தொல்லை.

வந்த புதிதில் ஒரு ஹோம்ஸ்டே முதலாளி, வெளிநாட்டு ஓவியங்களில் உள்ளதுபோல் நான்கு பருவங்களையும் நான்கு பெண்களாகச் சுவரில் வரையச் சொன்னார். முடிந்ததும், அண்ணன் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் பார்க்கப் போனேன். வசந்தம் பூக்கூடையோடும், கோடை கதிர்க்கட்டோடும், இலையுதிர்காலம் பழத்தட்டோடும் நின்றார்கள். நான்காவது பனிக்காலம். நரைத்த தலை, வெள்ளைப் புடவை, நெருப்பில் குளிர்காயும் கிழவி. முகம் என்னுடையது, மோவாய் மச்சம் உட்பட. அங்கே வேலை செய்த பெண், "அய்யோ, இது சேச்சியாணல்லோ!" என்று மலையாளத்தில் என்னைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

அதன்பின் அந்தத் தெருவில் நான் நடக்கவில்லை. வரன்கள் தட்டிப்போனபோதெல்லாம், கூடப்பிறந்தவருக்கே நான் அப்படித்தான் தெரிந்திருக்கிறேன் என்று குமைவேன். ஒருநாளும் கேட்கவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், நெஞ்சு நோய் முற்றிப் படுத்த எட்டு மாதமும் நானே பார்த்தேன்.

ஒரு மாலை போர்வை மாற்றும்போது அவராகவே பேசினார்.

"பாப்பா, முதலாளி மஞ்ஞுகாலம்னாரு. மஞ்ஞன்னா இங்க மஞ்சள்தானே? அப்பிடி நெனச்சு, ஒனக்கு மஞ்சள் பூசி, தலை நெறையப் பூ வச்சு, கல்யாணப் பொண்ணா வரைஞ்சேன். மஞ்ஞுன்னா பனியாம். எல்லாத்தையும் வெள்ளையாக்குன்னுட்டாரு. மொகத்தை அழிக்க மட்டும் எனக்குக் கை வரல."

மறுநாள் விடியலில் காலமானார்.

கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சேச்சி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய அவர் கணவர், வேலையைப் போட்டுவிட்டு வந்து பாடை தூக்கிய பெயின்டர் நண்பர்கள், ஊரிலிருந்து வந்த சொந்தங்கள், எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அந்த மாலை அண்ணன் அதைச் சொன்னதும் நான் சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம், போங்கண்ணே என்றாவது சொல்லியிருக்கலாம். முதுகு வலித்தது. "கொஞ்சம் திரும்பிப் படுங்கண்ணே, போர்வையை உருவணும்" என்றேன். அவரும் சொன்னபடி திரும்பிப் படுத்துக்கொண்டார்.