மூன்று கையெழுத்துக்கு எவ்வளவு ஈரம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். ஆய்வுக்கூடம் என்று வெளியே பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஒரு தராசு, ஒரு ஓவன், நான். தேயிலைத் தூளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது என் வேலை. ஐந்து கிராம் தூளை நிறுத்து, ஓவனில் காயவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடலாம். ஆகவே பட்டதாரி வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தார்கள்.

சங்கடம் தூளிடம் இருந்தது. காய்ந்த தேயிலை சும்மா கிடக்காது, காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். தூளைக் காயவைக்கும் டிரையரின் வாயிலிருந்து சூடாக விழும்போது நூற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் இருந்தால் நல்ல தூள். நான்கைத் தாண்டினால் மூட்டையிலேயே கெட ஆரம்பிக்கும். ஓவனின் சூடு, தூள் எவ்வளவு பொடி, அன்றைக்கு எவ்வளவு பனிமூட்டம், தட்டு எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே எண்ணாக வந்து நிற்கும். பதிவேட்டில் அந்த எண்ணுக்குக் கட்டம் உண்டு. மூட்டத்துக்குக் கட்டம் கிடையாது.

ஒரு வருடம், சோதனைக்கு வரும் மாதிரித் தூளை யாரோ மாற்றுகிறார்கள் என்று நிர்வாகக் குழுவில் சந்தேகம் எழுந்தது. யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. மாற்றினார்களா என்பதும் தெரியவில்லை. எனவே ஒரு நடைமுறை தேவை என்று ஏகமனதாக முடிவாயிற்று. எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பதினொரு பத்திகள் எழுதினேன். டிரையரிலிருந்து எடுத்த தூளை வெள்ளை எனாமல் தட்டில் பரப்ப வேண்டும். மேலாளர், அலுவலகக் கண்காணிப்பாளர், தொழிலாளர் பிரதிநிதி ஆகிய மூவரும் அதை ஒருவர் பின் ஒருவராகக் கண்ணால் பார்த்து, மூன்று சீட்டுகளில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே தூளை டப்பாவில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை இல்லாத எதையும் ஆய்வுக்கூடம் தொடக் கூடாது. குழு ஒரு திருத்தமும் சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

அது பங்குனி மாதம். வெயில் இருந்தவரை நடைமுறை ஒழுங்காக நடந்தது. ஐப்பசியில் மூட்டம் இறங்கியதும் என் எண்கள் ஏறத் தொடங்கின. நான்கரை வந்தது, பிறகு ஐந்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு. நான் அவற்றைச் சுத்தமான கையெழுத்தில் பதிவேட்டில் எழுதி மேலே அனுப்பினேன். தூளைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று டிரையர்காரருக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று.

அவர் இலங்கையில் மாத்தளைப் பக்கத்திலிருந்து தாயகம் திரும்பியவர். நாங்கள் தொழிற்சாலை என்பதை ஸ்டோர் என்பார், லைன் வீட்டை லயம் என்பார். நோட்டீஸ் கிடைத்ததும் பயந்துபோய் டிரையரின் சூட்டைக் கூட்டிவிட்டார். என் எண் நான்குக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் திருப்தியாக இருந்தோம். இரண்டு வாரம் கழித்துக் குன்னூர் ஏலத்தில் வாங்கியவர்கள் தூளில் தீய்ந்த வாடை அடிப்பதாக எழுதினார்கள். இரண்டாவது நோட்டீஸ் போயிற்று.

அதைத் தட்டச்சு செய்யக் கொடுத்தபோது கண்காணிப்பாளருக்கே ஒரு கேள்வி வந்தது. பொள்ளாச்சிக்காரர், நிதானமானவர்.

“ஏனுங்க சார், ஒரே டிரையரு, ஒரே ஆளு. மொத நோட்டீசுல ஈரமுங்கறோம், ரெண்டாவதுல கருகிப்போச்சுங்கறோம். அதெப்பிடிங்க?”

“இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது” என்றேன்.

“அப்படின்னாச் சரிங்க” என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு நோட்டீஸ் வந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். கடல் தாண்டி வந்து ஒரு முகாமில் இருந்து, பிறகு கிடைத்த வீடு அது. இதைச் சொல்லத்தான் டிரையர்காரர் ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார் என்று நினைத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூடி இறுக்கிய பால்பவுடர் டப்பா ஒன்றை மேசையில் வைத்தார்.

“ஐயா, இது இப்பத்தான் டிரையர் வாயில புடிச்சது. சூட்டப் பழையபடி வச்சுத்தான் எடுத்தேன். பாத்துச் சொல்லுங்க.”

“இதில் முத்திரை இல்லை.”

“இல்லைங்க.”

“முத்திரை இல்லாததைச் சோதிக்க விதியில்லை.”

“ஆறுன்னு எழுதுறதுக்கு மட்டும் விதி இருக்காங்க ஐயா?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். நான் விதிப்புத்தகத்தைப் பார்த்தேன், கதவைச் சாத்தினேன், தூளை நிறுத்து ஓவனில் வைத்தேன். மூன்று வந்தது. ஏதோ தவறு என்று மறுபடி செய்தேன். மூன்றேதான்.

மறுநாள், நான் எழுதிய நடைமுறை எப்படி நடக்கிறது என்று முதன்முறையாக நேரில் போய்ப் பார்த்தேன். தட்டை நல்ல வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று நான்காம் பத்தியில் எழுதியிருந்தேன். ஆகவே வராந்தாவில் வைத்திருந்தார்கள். மேலாளர் தொலைபேசியில் இருந்தார். பேசி முடித்து வந்து, தூளை மரியாதையாகப் பார்த்து, கையெழுத்திட்டார். கண்காணிப்பாளர் மூன்று சீட்டுகளையும் முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றிலும் ஒரே வாசகம்தான். பிறகு ஸ்டாம்ப் பேடைத் தேடினார். பிரதிநிதி மாடியில் பச்சை இலை வாட்டும் இடத்திலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. வருகிற வழியில் இரண்டு பேருக்கு லீவு விஷயமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார். இந்த முக்கால் மணி நேரமும் மூட்டம் வராந்தாவுக்குள் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தது. அதனிடம் மட்டும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஒரு காரியம் செய்தேன். தட்டில் பரப்பியவுடன் ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துப் புட்டியில் அடைத்துக்கொள்வேன். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பிறகும் இன்னொரு புட்டி. ஒரு நாளைக்கு நான்கு புட்டிகள். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, “எதுக்குங்க சார் புட்டி?” என்றார். “ஆராய்ச்சி” என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வரைபடத் தாளில் கீழே கையெழுத்துகளையும் பக்கவாட்டில் ஈரத்தையும் போட்டேன். என் பணிக்காலத்திலேயே அவ்வளவு அழகான கோடு எனக்குக் கிடைத்ததில்லை. தொடக்கத்தில் மூன்று. மேலாளர் கையெழுத்திட்டதும் நான்குக்குச் சற்றுக் கீழே. கண்காணிப்பாளர் படித்து முடித்ததும் ஐந்தைத் தாண்டியது. பிரதிநிதிக்குப் பிறகு ஆறு. ஆக, ஒரு கையெழுத்தின் மதிப்பு சராசரியாக நூற்றில் ஒரு பங்கு தண்ணீர். கவனமாகப் படித்துவிட்டுப் போடுகிறவருடையது கொஞ்சம் கூடுதல். இத்தனை நாளும் நான் அளந்தது டிரையரை என்று நம்பியிருந்தேன். அளந்தது அலுவலகத்தை.

தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அந்த வாரம் பதிவேட்டில் மறுபடி ஆறு ஏறியிருந்ததால் மூன்றாவது நோட்டீஸ் அவர் மேசையில் தயாராக இருந்தது. டிரையர்காரர் வாசலில் நின்றிருந்தார். கண்காணிப்பாளரும் உள்ளே இருந்தார்.

மேலாளர் வரைபடக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

“என்ர கையெழுத்துல ஈரம் ஏறுதுங்கறீங்களா?”

“எல்லோருடையதிலும் ஏறுகிறது. உங்களுடையதில்தான் குறைவு.”

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “நான் படிச்சுப்போட்டுத்தானுங்க கையெழுத்துப் போடுவேன். அது தப்புங்களா?” என்றார்.

“தப்பில்லை. தட்டு திறந்திருக்கும்போது படிப்பதுதான் தப்பு.”

“செரி சார்,” என்றார் மேலாளர். “டிரையர்காரர் மேல தப்பில்லைன்னா, யார் மேலங்க? ஃபைலை மூடோணுமின்னா ஒரு பேர் வேணும்.”

“நடைமுறையில்தான் தப்பு.”

“நடைமுறைக்கு நோட்டீஸ் குடுக்க முடியாதுங்களே. அதை எழுதினது யாரு?”

அறையில் இருந்த நால்வருக்கும் பதில் தெரியும். ஆனாலும் கேள்வி என்று கேட்டுவிட்டால் பதில் சொல்லப்பட்டாக வேண்டும். சொல்லாமல் இருக்க எனக்கு வழியும் இருந்தது. குழு ஒப்புதல் கொடுத்தது, ஆகவே குழுவினுடையது என்று வாதிடலாம். அதற்கான விதி எண்கூட எனக்கு மனப்பாடம். அப்படி வாதிட்டால் குழு கூடுவதற்கு ஆறு வாரமாகும். அதுவரை மேசையில் உள்ள நோட்டீஸ் காத்திருக்காது. வாசலில் நின்றவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றேன்.

மேலாளர் நோட்டீஸை எடுத்து, பெயரை அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதினார். தாளை வீணாக்காத மனிதர். கண்காணிப்பாளர் அதை முதல் வரியிலிருந்து படித்துவிட்டு முத்திரை வைத்தார். டிரையர்காரரின் பழைய இரண்டு நோட்டீஸ்களும் ரத்தாயின. இனித் தூளை டிரையர் வாயிலேயே டப்பாவில் பிடித்து மூடிவிடுவது, மூவரும் மூடியின் மேல் ஒட்டிய சீட்டில் கையெழுத்திடுவது என்று நானே மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூடி திறக்கப்படவில்லை என்று சான்றளிக்க நான்காவதாக ஒரு கையெழுத்தைக் குழு சேர்த்தது. மூடிய டப்பாவுக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த நாள் காலை டிரையர் பக்கம் போனேன். சூடு பழைய இடத்திலேயே இருந்தது. தூள் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

“ஐயாவுக்குப் பதில் எழுத எத்தன நாள் குடுத்திருக்காங்க?”

“பதினைந்து நாள்.”

“எனக்கு ரெண்டு நாள்தாங்க குடுத்தாங்க” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். பிறகு டப்பாவைத் தூளுக்கு அடியில் பிடித்து நிரப்பி, மூடியை அழுத்தி, என்னிடம் நீட்டினார்.