கட்டையண்ணன் கம்பி மாற்றிய கதை

ஆறடிக்குக் குறையாத மனிதருக்குக் கட்டையண்ணன் என்று பெயர் வைத்தவர்கள் இசைக்குழுக்காரர்கள்தான். முப்பத்தோரு வருடமாக பேஸ் கிடாரை வைத்துக்கொண்டு தாழ்ந்த சுருதியில், கீழ்க்கட்டையிலேயே உருள்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கிடாருக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான். வண்ணம் உதிர்ந்து, கழுத்து லேசாக வளைந்திருந்தது. அதை யாராவது தொட்டால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வாரம் குழுத்தலைவர் உடைத்தே சொல்லிவிட்டார்.

"அண்ணே, புதுப் பாட்டுல உங்க பேஸ் எடுபடவே மாட்டேங்குது. மூட்டைய உருட்டுற மாதிரி இருக்கு. சனிக்கிழமை ஒத்திகையிலயும் சரியா வரலைன்னா, கீபோர்டுக்காரரே இடது கையில பேஸை வாசிச்சுடட்டும். தப்பா நெனைக்காதீங்க."

கழுத்தில் கத்தி வைக்கிறவர்களும் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் உலகம் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

குற்றவாளி கம்பிதான் என்று அண்ணன் முடிவு கட்டினார். அவர் போட்டிருந்தது வழவழப்பான பட்டைக் கம்பி. பழைய பாட்டுக்கு அதன் அமுங்கிய ஓசை அமிர்தம். புதுப் பாட்டுக்குச் சுருள் தெரிகிற சொரசொரப்புக் கம்பி வேண்டும். மேடையில் இரண்டு வகைப் பாட்டும் கலந்து கட்டி வரும். பாட்டுக்குப் பாட்டு கம்பி மாற்ற அவர் என்ன மந்திரவாதியா?

இசைக்கருவிக் கடைக்காரர் சொரசொரப்புக் கம்பி பூட்டிய கிடார் ஒன்றை நீட்டினார். அண்ணன் மீட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதுவும் டல்லாத்தானே இருக்கு?"

"டல்லா? எனக்குக் காது கூசுதுண்ணே!"

கடைசியில் கடைக்காரர், சுருளின் மேற்பக்கத்தை மட்டும் தேய்த்துச் சமனாக்கிய ஒரு கம்பி செட்டைக் கையில் கொடுத்தார். "இதுல பழசும் பேசும், புதுசும் பேசும். இழுவையும் கம்மி, கிழட்டுக் கழுத்து தாங்கும்."

கிடாரின் கழுத்தைத்தான் சொன்னார்.

வீட்டில் ஒவ்வொரு கம்பியையும் பதமாக மடக்கி, பிறகு வெட்டி, மாட்டினார். மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவி ஓசை செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? வாசித்தார். டல். ஓசையைக் கூராக்கும் டோன் குமிழை முழுசாகத் திறந்தார். அப்போதும் அதே மூட்டைதான்.

மனைவி காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னங்க இது, எலி கத்துற மாதிரி? விரலை நகத்துறப்பல்லாம் கிறீச் கிறீச்சுங்குது!"

"எங்க கிறீச்சுங்குது?"

"இதோ, இப்பக்கூட."

அண்ணன் விரலை மேலும் கீழும் இழுத்தார். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கீழ்ச்சத்தம் மட்டும் குண்டுகுண்டாக வந்து நெஞ்சில் முட்டியது. மேலே இருக்க வேண்டிய எதுவும் இல்லை.

"வாசல் மணி உங்களுக்குக் கேக்கலைன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். நான் சொன்னதும் கேக்கல போல."

அண்ணன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மனைவியும் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

"தலைவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"சொன்னா அன்னைக்கே என்னைப் பேக் பண்ணிடுவாங்க."

பிறகு சரிகமவுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து அவருடைய காதாக வேலை பார்த்தார். அண்ணன் டோன் குமிழைத் திருக, மனைவி "கூசுது", "அமுங்குது" என்று சொல்லச் சொல்ல, ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். "இதுல எல்லாப் பாட்டும் நல்லாயிருக்கு. இனி தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, குமிழ் நின்ற இடத்தில் மனைவி பேனாவால் கோடும் போட்டார்.

சனிக்கிழமை ஒத்திகையில் முதல் பாட்டு பழசு, இரண்டாவது புதுசு. தலைவர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "அண்ணே, எங்கிருந்துண்ணே பிடிச்சீங்க இந்த சவுண்டை! மூலையில ஏன் நிக்கிறீங்க, முன்னாடி வாங்க. அடுத்த பாட்டு உங்க பேஸ்லதானே ஆரம்பிக்குது, மேடையிலயும் இங்கதான் நிக்கணும், ஜனங்க பாக்கட்டும்!"

அண்ணன் தலைநிமிர்ந்து முன்னால் வந்து நின்றார். டிரம்ஸ்காரர் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார். குச்சியைக் குச்சியில் தட்டி நாலு எண்ணினால் அண்ணன் தொடங்க வேண்டும். இத்தனை நாள் மூலையில் நின்று அந்தக் குச்சியைக் கண்ணால் பார்த்தே தொடங்கிவந்தது அவருக்கே தெரியாது. சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். பின்னால் டிரம்ஸ்காரர் இரண்டாவது முறையும் நாலு எண்ணித் தட்டினார். தலைவரின் புருவம் சுருங்கியது. பாட்டுக்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். இன்னும் தட்டவில்லையே என்று அண்ணன் விரலைக் கம்பியிலேயே வைத்திருந்தார்.

தலைவர் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். பாட்டு தொடங்கியது. கீழ்க்கட்டையில் உருண்டு வந்த அந்த பேஸ் மட்டும், ஒரு சுரம் விடாமல், அண்ணனுக்கு நன்றாகக் கேட்டது.