பொம்பிளை ஆள் வேணுமோ

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம், டென்மார்க்கில் எங்கள் வீட்டில் யார் அழுதாலும் காரணம் ஒன்றுதான். பக்கத்துத் தெருவிலிருந்த சித்தி ஒருநாள் கண்ணுக்குக் கீழே கறுத்து, முகம் வீங்கி வந்தார். "வன்னிச் செய்தி பாத்து அழுதிருக்கிறாள்" என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். எனக்கு ஒன்பது வயது. நானும் நம்பினேன்.

அடுத்த கிழமை சித்தி தோசைக்கல்லால் சித்தப்பாவின் மண்டையில் போட்டுவிட்டார். அதற்கு வன்னியில் காரணம் தேட அம்மாவாலும் முடியவில்லை. சித்தப்பாவுக்குத் தையல் போட்டார்கள். சித்தியைப் பொலிஸ் கொண்டுபோனது.

நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட் நகரத்தில் டேனிஷ் திறமாகப் பேசும் தமிழர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணை. கோயில் நிர்வாகம், பிறந்தநாள் வீட்டு மைக், பொலிஸில் மொழிபெயர்ப்பு, எல்லாம் அவர்தான். சனிக்கிழமைகளில் சித்தப்பாவோடு கடதாசிச் சீட்டு விளையாடுவதும் அவர்தான். அவரே வருகிறார் என்று கேட்டதும் அம்மாவுக்கு உயிர் வந்தது.

"எங்கட ஆள். ஒண்டும் வெளியில போகாது."

பொலிஸ் நிலைய நடையில் அம்மா சித்தியின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது பாலுக்குக் கத்தியது. போத்தலை வைத்தால் துப்பியது. கதவைத் திறந்து வந்த பெண் பொலிஸ், என்னிடம் மெதுவாக டேனிஷில் விளக்கினார். ஏன் அடித்தார் என்று சித்தி சொன்னால் இன்றைக்கே வீட்டுக்கு விடக்கூடும். சொல்லாவிட்டால் உள்ளே மறித்து வைக்க வேண்டிவரும்.

பிறகு திரும்பி, திறந்த கதவுக்குள் இருந்த சித்தியிடம் ஒரு கேள்வி கேட்டார். சித்திக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, மொழிபெயர்க்கப் பொம்பிளை ஆள் ஆரையும் கூப்பிடவோ எண்டு கேக்கினம்."

சித்தி குழந்தை கத்திய பக்கம் பார்த்தார். சட்டையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது. சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் நிக்கிறது காணும்."

"அப்ப, ஏன் அடிச்சனீ?"

"கோவம் வந்திட்டுது. வேற ஒண்டுமில்லை."

அன்று சித்தி வீட்டுக்கு வரவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையே வச்சிருந்தவள்?" என்று கார் வரைக்கும் அம்மா திட்டினார். எனக்கும் சித்திமேல் கோபம்தான். பெண் ஆள் வேண்டுமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்களே என்று நினைத்தேன். அதை யாருடைய வாயால் கேட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.