பி.ஏ. வாசித்த சம்மன்

இன்று காலை குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் வடகரை விவசாயி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் அருவியில் குளித்த ஈரத்துண்டு.

நான் பி.ஏ. என்று தெரிந்ததும் மடியிலிருந்து ஒரு இங்கிலீஷ் தாளை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சளும் குங்குமமும்.

"கோர்ட்டு ஆளு குடுத்துட்டுப் போனது, சர்க்கார் முத்திரை இருந்துச்சு தம்பி. வாசிக்க ஆளில்ல. சாமி படத்துக்கு முன்னால வச்சிருந்தோம். என்னன்னு கோர்ட்டுலயே கேட்டுக்கிடலாம்னு போறேன்."

வாசித்தேன். வயலுக்காகப் பங்காளி போட்ட வழக்கு. ஆஜராக வேண்டிய நாள் போன வாரமே முடிந்துவிட்டது. சொன்னேன்.

"இனி என்ன செய்யணும்?"

ரோமாபுரி ஏன் வீழ்ந்தது என்று கேட்டிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். எதைக் கண்டும் திகைக்காத மனிதனை உண்டாக்குவதே பொதுக்கல்வி என்று கல்லூரியின் கடைசி நாளில் பிரின்சிபால் பேசினார். நானும் கைதட்டினேன்.

"தெரியல அண்ணாச்சி."

அவர் கோபப்படவில்லை. "பி.ஏ. படிச்ச உங்களுக்கே தெரியலேன்னா, இதுக்கு வழியே இருக்காது" என்று தாளை மடித்தார். தென்காசிக்கு முன்னாலேயே, மேலகரத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார்.

வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே என எனக்குத் தோன்றியபோது பஸ் தென்காசிக்கு வந்திருந்தது.

கூடப் படித்தவர்களே, உங்களில் யாருக்காவது மேலகரத்துக்கு முன்பே தோன்றியிருக்குமா?