முயலோடு ஓடிய நூற்றுப் பன்னிரண்டு தப்படி

முயல் விழுந்த இடத்திலிருந்து தோல் மண்டிக்கார பாய் நின்ற வரப்பு வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு தப்படி. பிற்பாடு மூன்று தடவை நடந்து அளந்தேன். இரண்டு தடவை நூற்றுப் பன்னிரண்டு வந்தது, ஒரு தடவை நூற்றுப் பதினைந்து. அந்த மூன்று தப்படி எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை. ஓடும்போது கால் நீளமாக விழும் என்பதால் அன்றைக்கு எண்பதிலேயே போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். எண்பதோ நூற்றுப் பன்னிரண்டோ, அந்தத் தூரத்துக்குள் முயலின் உயிர் போயிற்றா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. இப்போது எனக்கு வயது எழுபத்தெட்டு. அப்போது இருபத்து நான்கு.

எங்கள் நிலம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றுக்குத் தெற்கே, மலையை ஒட்டி இருந்தது. மொத்தம் பதினொரு ஏக்கர். ஏழு ஏக்கரில் வேர்க்கடலையும் கேழ்வரகும். மீதி நாலு ஏக்கர் கல்லுக்காடு, முழுக்க ஆவாரஞ்செடி. அந்த ஆவாரம்பட்டையை உரித்துக் கட்டி வண்டியில் ஏற்றிப் பாயின் மண்டிக்கு அனுப்புவோம். அந்தப் பட்டையைப் போட்டுத்தான் அவர் வாணியம்பாடியில் தோல் பதனிட்டு வந்தார். பட்டை வாங்க வந்தவர், நாளடைவில் என் அண்ணனுக்குச் சிநேகிதராகி, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வேட்டைக்கும் வர ஆரம்பித்தார்.

வேட்டை என்று பெரிதாகச் சொல்கிறேன். வேர்க்கடலைக் கொழுந்தை மேய்கிற முயல்களை விரட்டத்தான் அண்ணன் லைசென்சு எடுத்து ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பகலெல்லாம் முயல்கள் ஆவாரம் புதருக்குள் படுத்திருக்கும். வெயில் சாயும்போது வெளியே வரும். அண்ணன் சுடுவார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தோட்டாக்களைச் சுமப்பதும், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை ஒன்று விடாமல் பொறுக்கி எண்ணி வைப்பதும் என் வேலை. அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கணக்கு" என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது பாயினால் வந்தது. முயல் உயிரோடு இருக்கும்போதே அவர் கையால், ஆண்டவன் பெயரைச் சொல்லி அறுத்தால்தான் அவர் வீட்டில் சாப்பிடலாம். குண்டு பட்டே செத்துப்போனால் அது அவர்களுக்கு ஆகாது. ஆனால் பாய் ஒரு தடவை மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் மடங்காது. ஆகவே அவர் வரப்பில் கத்தியோடு நிற்பார். வெடிச் சத்தம் கேட்டதும் நான் ஓடி, விழுந்ததைத் தூக்கி, அவரிடம் ஓடி வருவேன். உயிர் இருந்தால் அவர் பங்கு, போயிருந்தால் எங்கள் பங்கு. அந்தப் பருவத்தில் அதுவரை ஒன்பது முயல்கள் விழுந்திருந்தன. ஐந்து எங்களுக்கு, நான்கு அவருக்கு.

"உன் தம்பி ஓடற ஓட்டத்துல கெடைக்கிறது பாதி," என்று பாய் சொல்வார். "குண்டு கம்மியா வெச்சு சுடு."

"காலப் பாத்து சுடறேன் பாய், அது தலையக் காட்டுது, நான் இன்னா பண்ண?" என்பார் அண்ணன்.

பத்தாவது முயலுக்கு முந்தைய வாரம் பாய் வேட்டைக்கு வரவில்லை. அவருடைய தகப்பனார் காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் இறங்கிய பிறகும் பெரியவர் எதையும் சாப்பிடவில்லை. படுத்ததிலிருந்து மொத்தம் ஒன்பது நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும். பத்தாம் நாள் அவராகவே வாய் திறந்து, முயல் கறி ரசம் கொடுத்தால் குடிப்பேன் என்றாராம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். வழக்கமான பேச்சு எதுவும் இல்லை. வரப்பில் ஏறி நின்றுகொண்டு, கத்தியைக் கட்டை விரலில் தடவித் தடவிப் பார்த்தார்.

பெரியவரை எனக்குத் தெரியும். ஐந்து வேளைத் தொழுகையும் தவறாதவர். ஒரு தடவை அவர்கள் வீட்டில் ஒரு கோழி, கத்தி படும் முன்பே செத்துவிட்டது. தெரியாமல் சமைத்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் வீட்டில் இருந்த சட்டி பானை அத்தனையையும் மூன்று தடவை தேய்த்துக் கழுவச் சொல்லி, அன்றைக்கு முழுக்கப் பட்டினி கிடந்தாராம். இதைச் சொன்னவரும் பாய்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு ஒரே ஒரு முயல்தான் கண்ணில் பட்டது. முதல் குண்டு தவறிவிட்டது. இரண்டாவது பட்டது, ஆனாலும் முயல் தூரம் போய்ச் சரிவில் விழுந்தது. நான் ஓடினேன். எடுத்தபோது சூடாக இருந்தது. கண் திறந்திருந்தது. பின்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டபடி திரும்பி ஓடினேன். பாதி வழியில் என் கைக்குள் ஒரு உதறல். முயல் உதைத்ததா, நான் கல்லில் கால் வைத்துக் குலுங்கியதில் அது ஆடியதா? அந்த நேரத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. உதறல் என்று மட்டும் மனத்தில் பதிந்தது.

பாய் கையை நீட்டினார். "உசுரு இருக்குதா தம்பி?"

"இருக்குது பாய்."

இதைச் சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவர் வாங்கி, மேற்கே திரும்பி, மடங்காத காலை நீட்டியபடி சாய்ந்து உட்கார்ந்தார். சாயங்கால வெயில் அவர் கண்ணில் நேராக அடித்தது. அவர் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் தூரத்திலிருந்து, "கணக்கு, கூடு ரெண்டும் கெடச்சுதா?" என்று கேட்டார். நான் பையைத் திறந்து எண்ணினேன். இரண்டு இருந்தன. இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்றாலும் எண்ணினேன். நிமிர்ந்தபோது பாய் கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் ரத்தம் இருந்தது. பீறிட்டு வந்ததா, சும்மா வழிந்ததா, நான் பார்க்கவில்லை.

பெரியவர் அன்று நாலு கரண்டி ரசம் குடித்தாராம். மறுநாள் கறியும் இரண்டு துண்டு. புதன்கிழமை எழுந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கே போய்விட்டார். அடுத்த வண்டிப் பட்டையோடு நான் மண்டிக்குப் போனபோது, வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் ஓடுனியாமே" என்றார். அவர் விடுகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பட்டைக் கட்டுகளை எண்ணிக் கொடுப்பதற்காகக் கொட்டகைக்குள் போனேன். அங்கே தோலைத் தரம் பிரிக்கிற ஆள் ஒருவர், முப்பது வருஷம் அதே வேலை செய்தவர், வந்த தோல்களை இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இது அறுத்த மாட்டுத் தோலு, அது செத்த மாட்டுத் தோலு," என்றார். "அறுத்தா ரத்தம் இறங்கிடும். தானா செத்துதுன்னா நரம்புலயே நின்னுபூடும். உள்பக்கம் பாருங்க, வேர் வேரா ஓடுது." விரலால் தொட்டுக் காட்டினார். காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது. "எங்க மொதலாளி இன்னும் ஜோரு. எட்ட நின்னே சொல்லிடுவாரு."

அந்தக் கொட்டகையின் நாற்றம் எனக்குப் பழகியதுதான். அன்றைக்கு என்னவோ நிற்க முடியவில்லை. முயலை உரித்ததும் பாய்தான். எட்ட நின்றே சொல்லிவிடுகிறவர், மடியில் வைத்து உரித்த தோலைப் பார்க்காமலா இருந்திருப்பார்? செத்ததென்று தெரிந்திருந்தால் தகப்பனாருக்குக் கொடுத்திருப்பாரா? கொடுத்திருக்க மாட்டார். கொடுத்தார், ஆகவே உயிர் இருந்திருக்கிறது. இப்படிச் சமாதானம் செய்துகொண்டு ஆறு கட்டுகள் எண்ணினேன். ஏழாவதில் மறுபடி குழம்பிவிட்டது. ஒன்பது நாள் சாப்பிடாத தகப்பன். வேறு முயல் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டது. என் வார்த்தை ஒன்று கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கலாம் அல்லவா? முதலிலிருந்து எண்ணினேன். வண்டியில் இருந்தது முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று கடைசி வரைக்கும் சரியாகவில்லை.

பாய் உள்ளே கணக்குப் பலகை முன்னால் தனியாக இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அன்னிக்கி உசுரு இருக்குதுன்னு சொன்னேனே பாய். எனக்கே அது சரியா தெரியாது. கையில ஒரு உதறல் இருந்துது. அவ்ளோதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமாக இருப்பது போலத் தெரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பெரியவர் யாரிடமோ உருதுவில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நாளைக்கு முன்னால் அந்தக் குரல் இல்லை.

"தோல் எப்படி இருந்துது பாய்?" என்று கேட்டேன்.

"நான் பாக்கல தம்பி. மயிர் வெளிய தெரியறாப்பல சுருட்டி எருக்குழியில போட்டுட்டேன்."

"பெரியவர்கிட்ட நான் சொல்லிடட்டா?"

"நீ சொன்னே. நான் அறுத்தேன். அத்தாவுக்கு என் கையாலதான் குடுத்தேன்." பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். "விடு. பேஜார் பண்ணிக்காத."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சுருட்டலையே நினைத்துக்கொண்டு வந்தேன். முயல் தோலைச் சட்டை கழற்றுவது போல இழுத்துத்தான் உரிப்பார்கள். கழன்று வரும்போது சதைப்பக்கம் வெளியிலும் மயிர் உள்ளேயும் இருக்கும். மயிர் வெளியே தெரிய வேண்டுமென்றால் உள்ளே கை விட்டுத் திருப்பிப் போட வேண்டும். எருக்குழியில் எறியப்போகிற தோலுக்கு யாராவது அத்தனை வேலை செய்வார்களா? பார்த்துவிட்டுத் திருப்பினாரா, பார்க்கக் கூடாதென்று திருப்பினாரா? பார்க்காமல் எப்படித் திருப்புவது? இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவர் உயிரோடு இருந்தார். கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெடிச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல நான் கிளம்பினேன். என் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு அவரே போனார். மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி, ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே ஓடுகிறார். ஓட்டம் என்று அதைச் சொல்லவும் முடியாது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா பாய், எங்க கணக்குக்குக் கால் போச்சா?"

"அதெல்லாம் நல்லாதான் இருக்குது," என்றார் பாய், மூச்சு வாங்கியபடி. "எனக்குத்தான் நடக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு."

அன்றைய முயல் எங்கள் வீட்டுக்குப் போயிற்று. அடுத்ததும், அதற்கடுத்ததும். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு ஆறு முயல்கள் விழுந்தன. ஐந்துக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து, மூக்கருகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை அசைத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஓடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் சொல்லை நம்பியிருந்தால் எதற்காக ஓடினார்? நம்பவில்லையென்றால் எதற்காக முகம் மாறாமல் என்னோடு ஒரே பாத்திரத்தில் டீ குடித்தார்? நான் மூன்று தப்படி பின்னால் தோட்டாப் பையோடு போய்க்கொண்டிருந்தேன், அவரைத் தாண்டிவிடாமல் காலைக் குறுக்கி வைத்து.

ஆறாவது மட்டும் புதரின் இந்தப் பக்கமே விழுந்தது. முப்பத்தோரு தப்படி. உயிர் இருந்தது. தனியாகப் பிடித்து அறுக்க அவரால் முடியவில்லை, பின்னங்காலைப் பிடி என்றார். பிடித்தேன். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை, நானும் வேறு பக்கம் திரும்பவில்லை. அவர் அறுக்கும்போது அது ஏழு தடவை உதைத்தது. என் முழங்கை வரைக்கும் ஆடிற்று. பெரியவருக்குக் கொண்டுபோன முயல், அன்றைக்கு என் கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.